அந்தத் தழும்ப நான் அழிச்சிருக்கக் கூடாது

இடது புருவத்துல குறுக்கால ஒரு தழும்பு. சின்ன வயசுல மதில் சுவத்துலேந்து விழுந்ததுன்னு சொன்னான். அந்தப் பையனுக்கு அப்ப 23 வயசு, டர்பன் பக்கத்துல ஃபீனிக்ஸ்ல வீடு, டிராமா படிச்சு முடிச்ச கையோட என் ஸ்டூடியோவுக்கு வந்து நின்னான், "அங்கிள், எனக்கு ஹெட்ஷாட் எடுத்துக் குடுங்க"ன்னு. நடிக்க வாய்ப்பு தேடறவங்க அனுப்புற மூஞ்சி போட்டோதான் ஹெட்ஷாட். நான் அப்ப முழுக்க முழுக்க கல்யாண போட்டோக்காரன். தஞ்சாவூர்லேந்து தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு வந்து எட்டு வருசம் ஆகியிருந்துச்சு, ஓவர்போர்ட்ல ஒரு கராஜ வாடகைக்குப் புடிச்சு ஸ்டூடியோவா மாத்தி வெச்சிருந்தேன், சனி ஞாயிறு கல்யாணம், மத்த நாள்ல பாஸ்போர்ட் போட்டோ, குடும்ப போட்டோ. கல்யாண ஆல்பம் பண்ற கைக்கு ஒரு பழக்கம் வந்துரும், படத்த கம்ப்யூட்டர்ல தொறந்த உடனே பரு, கண்ணுக்குக் கீழ கருப்பு, பல்லுல மஞ்சள் எதையும் விட்டு வெக்காது, கை அதுபாட்டுக்கு அழிச்சுக்கிட்டே போகும். அப்படித்தான் அந்தத் தழும்பும் போச்சு. நான் யோசிக்கவே இல்ல. அவன் அம்மா போட்டோவப் பாத்துட்டு கண்ணு கலங்கி, மாப்பிள்ளை மாதிரி இருக்கான்னு சொன்னாங்க.

அந்த மாப்பிள்ளைங்கற வார்த்தையிலதான் மொத்தத் தப்பும் இருந்துச்சு, எனக்கு அப்ப புரியல.

நாலு மாசம் கழிச்சு ஒரு பாங்க் விளம்பரத்துக்கு அவன கூப்பிட்டிருக்காங்க, போட்டோவ மட்டும் பாத்துட்டு. உள்ள போனா, நடிக்க ஆள் தேர்ந்தெடுக்குற, அதாவது காஸ்டிங் பண்ற அம்மா ஸ்கிரீனப் பாக்குறாங்க, இவன் மூஞ்சியப் பாக்குறாங்க, திரும்ப ஸ்கிரீனப் பாக்குறாங்க. "இது எப்ப எடுத்த போட்டோ?"ன்னு கேட்டிருக்காங்க. பத்து நிமிசத்துல வெளிய வந்துட்டான். அது போனா போகுது, ஆனா அதே வாரம் அதே ஆபீஸ்ல ஒரு டிவி டிராமாவுக்கு தெருவுல வளந்த முரட்டுப் பையன் ஒருத்தன தேடிக்கிட்டு இருந்திருக்காங்க, ஏற்கெனவே அடிபட்ட மூஞ்சியா வேணும்னு கேட்டு, நடிகருங்களுக்கு வேலை தேடிக் குடுக்குற ஏஜென்ட்டுங்களுக்கு அனுப்பியிருக்காங்க. இவன் பேரு அந்த லிஸ்ட்லயே வரல. எப்படி வரும், என் போட்டோவுல இருந்தவன் ஒரு நாளும் எங்கயும் விழாதவன். அவன் கோவமே படாம என்கிட்ட வந்து சொன்னான், "எனக்கு வந்திருக்க வேண்டிய வேலை அங்கிள்"ன்னு. திட்டியிருந்தா கூட தேவலை. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, அதுக்கப்புறம்தான் ஹெட்ஷாட்னா என்னன்னு ஒழுங்கா உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன்.

நம்ம ஊர் வழக்கத்துல போட்டோன்னா களையா இருக்கணும், செவப்பா தெரியணும், கல்யாணத்துக்கு ஜாதகத்தோட அனுப்புற படம் மாதிரி. நடிகரோட ஹெட்ஷாட் வேற ஜாதி. கதவத் தொறந்து உள்ள வரப்போறது இந்த ஆளுதான்னு முன்கூட்டியே குடுக்குற வாக்கு அது. போட்டோவுல இருக்குற ஆளு வேற, வந்து நிக்கிற ஆளு வேறன்னா வாக்கு தப்பிப் போச்சுன்னு அர்த்தம், அப்புறம் எவ்வளவு நல்லா நடிச்சாலும் எதிர்ல உக்காந்திருக்கறவங்க மனசுல அந்த ஏமாத்தம்தான் நிக்கும். அதனாலதான் முடி வெட்டினாலோ, தாடி வெச்சாலோ, உடம்பு ஏறினாலோ எறங்கினாலோ புதுசா எடுக்கணும், ஒண்ணும் மாறலன்னாலும் ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ எடுக்கணும்னு சொல்றாங்க.

இது வேலை செய்யற விதத்தையும் சொல்லிடறேன். ஒரு சீரியலோ விளம்பரமோ எடுக்கணும்னா காஸ்டிங் பண்றவங்க ஏஜென்ட்டுங்களுக்கு ஒரு பிரீஃப் அனுப்புவாங்க, பொம்பள, வயசு 50லேந்து 60, பாங்க் மேனேஜர், கண்டிப்பானவங்க ஆனா மனசு நல்லவங்கன்னு ரெண்டு வரி. ஏஜென்ட் தன்கிட்ட இருக்குற ஆளுங்கள்ல பொருத்தமானவங்க போட்டோவ அனுப்புவாங்க. அந்தப் பக்கம் ஸ்கிரீன்ல நூத்துக்கணக்குல மூஞ்சி, ஒவ்வொண்ணும் தபால் தலை சைஸ்ல. ஒரு மூஞ்சி மேல கண்ணு நிக்கிறது ஒரு நொடியோ ரெண்டு நொடியோ. அமெரிக்காவுல 8க்கு 10 இன்ச் பிரிண்ட் போட்டு பின்பக்கம் நடிச்ச விவரத்த ஸ்டேப்பிள் பண்ணி நேர்ல குடுத்த காலம் இருந்துச்சு, லண்டன்ல ஸ்பாட்லைட்னு 1927ல ஆரம்பிச்சு நடிகருங்க மூஞ்சிய பொஸ்தகமா அச்சடிச்சே வித்தாங்க, இப்ப எல்லாமே ஸ்கிரீனுக்குள்ள வந்துருச்சு. அந்தச் சின்னக் கட்டத்துல கண்ணு தெரியலன்னா எதுவும் தெரியாது. மத்தது எப்படி இருந்தாலும் கண்ணு ஷார்ப்பா இருக்கணும், கண்ணுல ஒரு வெளிச்சப் புள்ளி இருக்கணும், அது இல்லாத கண்ணு செத்த கண்ணு.

விளம்பரத்துக்குன்னா வெளிச்சம் பரவலா, சிரிப்பு, பல்லு தெரியலாம், பக்கத்து வீட்டுக்காரர்னு நம்பணும். நாடகத்துக்கு சீரியலுக்குன்னா வாய் மூடியிருக்கலாம், ஒரு கன்னத்துல கொஞ்சம் நிழல் விழலாம், இந்த ஆளு மனசுல ஏதோ ஓடுதுன்னு பாக்கறவங்களுக்குத் தோணணும். இந்த ரெண்டையும் ஒரே படத்துல அடக்கப் பாத்தா ரெண்டுமே கெட்டுப் போகும். ஆம்பளைங்கள எடுக்கும்போது தாடியோட முதல்ல, அப்புறம் அதே நாள்ல தாடிய எடுத்துட்டு மீசையோட, கடைசியா மழுங்க, இப்படி ஒரே மத்தியானத்துல மூணு ஆளு கிடைப்பாங்க, வரிசைய மாத்தினா மாட்டிக்குவோம். கண்ணாடி போடறவங்களுக்கு காதுப்பக்கம் கொஞ்சம் தூக்கி விட்டா கண்ணாடி சாஞ்சு லைட் கண்ணாடில பளிச்சுன்னு அடிக்காது. மொபைல்ல கைய நீட்டி எடுக்குற செல்ஃபி இதுக்கு ஆகவே ஆகாது, அவ்வளவு கிட்டேந்து எடுத்தா மூக்கு பெருத்து காது பின்னால போயிரும், நான் 85 எம்எம் லென்ஸப் போட்டு ஆறேழு அடி தள்ளி நின்னுதான் எடுக்குறேன். வீட்டுல யாராவது எடுத்தா கூட மூணு எட்டு பின்னால போய் ஜூம் பண்ணி எடுக்கச் சொல்லுங்க.

வேஷம் போட்டுக்கிட்டு வரவே கூடாது. இத நான் எல்லாருக்கும் சொல்றேன், கேக்க மாட்டேங்கறாங்க. ஒரு பொண்ணு டாக்டர் ரோல் வேணும்னு வெள்ளை கோட்டும் கழுத்துல ஸ்டெதாஸ்கோப்பும் மாட்டிக்கிட்டு வந்தா. அத மாட்டினா பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி மாதிரி ஆயிரும், அதுக்கப்புறம் டாக்டர் தவிர வேற எதுக்கும் அந்தப் படத்த அனுப்பவும் முடியாது. ஒரு வெளிர் நீலச் சட்டை, முடிய இழுத்துக் கட்டி, ராத்திரி முழுக்க தூங்காதவ ஆனா நிதானமா இருக்கறவ, அது போதும், பாக்கறவங்களே கோட்ட மாட்டிப் பாத்துக்குவாங்க. வேஷத்தோட வாசனை இருக்கணும், வேஷம் இருக்கக் கூடாது.

போன வருசம் ஒரு ஆண்ட்டி வந்தாங்க. இவங்களப் பத்தி எழுதத்தான் இன்னிக்கு உக்காந்தேன். டர்பன்லயே சாட்ஸ்வர்த், பேவியூ பக்கம் வீடு, வயசு 62. மாகசின் பேரக்ஸ்ல பொறந்து கைக்குழந்தையா இருக்கும்போதே சாட்ஸ்வர்த்துக்கு வந்தவங்க. டர்பன் கார்ப்பரேஷன்ல வேலை பாத்த நம்ம ஆளுங்கள குடி வெச்ச இடம் மாகசின் பேரக்ஸ், நிறவெறி ஆட்சி 1960கள்ல அத காலி பண்ணி எல்லாரையும் சாட்ஸ்வர்த்துக்குத் தள்ளுச்சு. முப்பத்தஞ்சு வருசம் துணி ஃபேக்டரில மெஷின்ல உக்காந்து தச்சவங்க, ரிட்டயர் ஆனதுக்கப்புறம் கம்யூனிட்டி நாடகத்துல நடிக்க ஆரம்பிச்சு நல்லாவே பேர் வாங்கியிருந்தாங்க. கையில ஏற்கெனவே எடுத்த போட்டோ இருந்துச்சு, ஒரு மால்ல எடுத்தது, பட்டுப் புடவை, கழுத்து நிறைய நகை, மூஞ்சில ஒரு சுருக்கம் இல்லாம மெழுகு பொம்மை மாதிரி. ரெண்டு வருசமா ஏஜென்ட் அதத்தான் அனுப்பிக்கிட்டு இருந்தாங்க, வந்த அழைப்பு எல்லாம் கல்யாண சீன்ல கூட்டத்துல நிக்கிற வேலை, ஒரு தடவ கோயில் சீன்ல பாட்டி, அவ்வளவுதான்.

"ஆண்ட்டி, உங்களுக்கு என்ன ரோல் பண்ணணும்னு ஆசை?"ன்னு கேட்டேன். எல்லாரையும் முதல்ல இதத்தான் கேப்பேன்.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், அவங்க ஆயாகிட்ட கத்துக்கிட்ட அந்தப் பழைய தமிழ்ல சொன்னாங்க, "தம்பி, சிரிக்காத. நான் கோர்ட்டுல ஒசக்க உக்காந்து தீர்ப்பு சொல்லணும்."

நான் சிரிக்கல. 1941ல இதே டர்பன்ல கிளேர்வுட்ல ஒரு தமிழ் பஸ் டிரைவரோட மகளா பொறந்த நவநீதம் பிள்ளை 1995ல இந்த நாட்டு ஹைகோர்ட்டுல ஜட்ஜா உக்காந்தாங்க, வெள்ளைக்காரி அல்லாத முதல் பொம்பள ஜட்ஜ் அவங்கதான், அப்புறம் ருவாண்டா படுகொலைய விசாரிச்ச சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போயி, பின்னாடி ஐநா சபையோட மனித உரிமை ஆணையரா 2014 வரைக்கும் இருந்தாங்க. நெசத்துல நடந்தது, ஆனா ஜட்ஜ்னு பிரீஃப் வந்தா நம்ம ஆண்ட்டிங்க போட்டோவ எடுத்து அனுப்பணும்னு எத்தன ஏஜென்ட்டுக்குத் தோணும்? தோணாது, ஏன்னா கையில இருக்குறது பட்டுப் புடவை போட்டோ. நம்ம ஆளுங்களுக்கு இங்க வழக்கமா வர்ற அழைப்ப நான் இத்தன வருசமா பாக்குறேன், கடைக்காரர், கணக்குப் பிள்ளை, டாக்டர், மருமகளத் திட்டுற மாமியார், அதுவும் இந்தியாவுலேந்து நேத்து வந்து எறங்கின மாதிரி இங்கிலீஷ் பேசணும்னு கேப்பாங்க, நாலு தலைமுறையா இங்கயே பொறந்து வளந்தவங்ககிட்ட. வர்ற வேலைய விடச் சொல்ல மாட்டேன், வீட்டு வாடகை கட்டணும், மாமியார் போட்டோவும் ஒண்ணு இருக்கட்டும். ஆனா அது மட்டுமே இருந்தா நம்மள என்னவா பாக்கணும்னு அடுத்தவங்க போட்ட கோட்டுக்குள்ள நாமளே போய் உக்காந்துக்கறோம். வடக்கு நாடுகள்ல குளிர்காலமா இருக்கும்போது இங்க கோடை, அப்ப வெளிநாட்டு விளம்பரக் கம்பெனிங்க வெயிலுக்காக கேப் டவுனுக்கு வந்து எடுப்பாங்க, அங்க நம்ம பசங்க சில பேரு ரெண்டு நாள் தாடியோட லினன் சட்டை போட்ட ஒரு போட்டோவால ஸ்பெயின்காரனா அரபுக்காரனா போயிட்டு வந்திருக்காங்க. மூஞ்சி அதேதான். எந்த மூஞ்சியக் காட்டுறோம்ங்கறதுலதான் விஷயம் இருக்கு.

ஆண்ட்டிகிட்ட பேச்சுக் குடுத்தப்ப தெரிஞ்சுது, ஃபேக்டரில பதினோரு வருசம் யூனியன் ஷாப் ஸ்டூவர்ட்டா, அதாவது தொழிலாளிங்க சார்பா பேசறவங்களா இருந்தவங்க. வேலைய விட்டுத் தூக்கப் பாத்த பொண்ணுங்களுக்காக மேனேஜர் முன்னால உக்காந்து வாதாடினவங்க. அதுக்கப்புறம் எனக்கு வேலை சுலபமாச்சு. கரும்பச்சை கலர்ல காலர் வெச்ச சட்டை, நகை கழட்டியாச்சு, நரை முடி அப்படியே. கேமராவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு சொன்னேன், "ஆண்ட்டி, மேனேஜர் பொய் சொல்றான். அது பொய்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்னு அவனுக்கு இன்னும் தெரியாது." மூஞ்சில ஒண்ணும் அசையல. கண்ணு மட்டும் மாறுச்சு. அமுக்கினேன். சிரிங்க, சீரியஸா இருங்கன்னு சொன்னா மூஞ்சி நடிக்கும், இப்படி ஒரு நெலமையக் குடுத்தா மூஞ்சி யோசிக்கும், யோசிக்கிற மூஞ்சிதான் தபால் தலை சைஸ்லயும் தெரியும்.

பொட்ட என்ன பண்றதுங்கறதுல ரெண்டு பேருக்கும் வாக்குவாதமே வந்துச்சு. பொட்டு இருந்தா பிரீஃப்ல இந்தியன்னு போட்டதுக்கு மட்டும்தான் அனுப்புவாங்க, ஒண்ணு பொட்டு இல்லாம எடுத்து வெச்சுக்கலாம்னு நான் சொன்னேன். "ஜட்ஜம்மா பொட்டு வெக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு தம்பி?"ன்னு கேட்டாங்க. கடைசில ரெண்டு விதமாவும் எடுத்தோம், ஆனா ஜட்ஜ் படத்துல சின்னதா கருஞ்செவப்புப் பொட்டு இருக்கு, அவங்க சொன்னதுதான் சரின்னு படத்தப் பாத்தப்புறம் எனக்கும் பட்டுச்சு.

வெளிச்சத்தப் பத்தியும் சொல்லணும், எனக்கு இது ரொம்ப மனசுக்கு நெருக்கமான விஷயம். கேமராவோட மீட்டர் எல்லாத்தையும் சராசரி சாம்பல் நிறமா எண்ணிக்கிட்டு கணக்குப் போடும், கறுத்த முகத்துக்கு வெள்ளைச் சட்டையப் போட்டா சட்டையப் பாத்துக்கிட்டு முகத்த இருட்டாக்கிரும், அதனால முகத்துக்கு மட்டும் அளந்து எடுக்கணும், சட்டையும் கரும்பச்சை, மெரூன், கடுகு மஞ்சள்னு இருந்தா தோல் பளிச்சுன்னு எழும்பும். கலர் ஃபிலிம் காலத்துல கொடாக் லேப்ல கலர் சரி பாக்க வெச்சிருந்த அட்டைல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு படம்தான் இருக்கும், ஷெர்லி கார்டுனு பேரு, அந்தப் பொண்ணு தோல் சரியா வந்தா எல்லாம் சரி, நம்ம தோல் எப்படி வந்தாலும் கவலை இல்ல. ஆனா இந்த நாட்டுல கறுத்த தோல் தெளிவா விழணும்னு கவலைப்பட்டது யாருன்னு பாத்தா வயிறு எரியும். போலராய்டுங்கற கேமரா கம்பெனில ஐடி 2ன்னு அடையாள அட்டை எடுக்குற கேமராவுல ஃப்ளாஷ கூட்டுறதுக்குன்னே ஒரு பட்டன் இருந்துச்சு, கறுத்த முகம் அட்டைல நல்லா தெரியறதுக்கு. அந்தக் கம்பெனியோட ஃபிலிம்லயும் இங்க கறுப்பின மக்கள் பையில வெச்சுக்கிட்டே அலைய வேண்டியிருந்த பாஸ்புக்குங்கற அடையாளப் புத்தகத்துக்கு படம் எடுத்தாங்க. 1970ல அமெரிக்காவுல அந்தக் கம்பெனிலயே வேலை பாத்த கேரலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ்னு ரெண்டு கறுப்பினத்தவங்க இதக் கண்டுபிடிச்சு போராட்டம் ஆரம்பிச்சாங்க, ஹன்டருக்கு வேலையே போச்சு, 1977ல கம்பெனி தென்னாப்பிரிக்காவ விட்டு வெளியேறுச்சு. யாரயோ புடிச்சு நிறுத்தறதுக்காக நம்ம முகத்துல அடிச்ச வெளிச்சம் அது. நான் லைட்ட திருப்பி வெக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

படம் எடுத்து முடிச்சு டீ குடிக்கும்போது ஆண்ட்டி பையிலேந்து ஒரு ஜெராக்ஸ் பேப்பர எடுத்துக் காட்டினாங்க. இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்குற ஓசிஐ கார்டுக்காக அவங்க மகன் ஆர்க்கைவ்ஸ்ல தேடி எடுத்த கப்பல் லிஸ்ட். 1860 நவம்பர் 16 அன்னிக்கு மதராஸ்லேந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோட டர்பன்ல வந்து நின்னுச்சு, அதுலேந்து 1911 வரைக்கும் கரும்புத் தோட்டத்துக்குன்னு ஒப்பந்தக் கூலியா வந்தவங்க 1,52,184 பேரு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஊரு, உயரம், கடைசில உடம்புல உள்ள அடையாளம். ஆண்ட்டியோட கொள்ளுத் தாத்தா வரில அந்தக் கடைசிக் கட்டத்துல போட்டிருந்துச்சு, இடது புருவத்துக்கு மேல தழும்பு.

எனக்கு கப்புன்னு அந்த ஃபீனிக்ஸ் பையன் மூஞ்சி வந்து நின்னுச்சு. அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, போட்டோ கிடையாது, ஓடிப் போனா கண்டுபிடிக்கறதுக்காக எவனோ ஒரு கிளார்க் எழுதி வெச்ச தழும்பு ஒண்ணுதான் மிச்சம். குடும்பமே இன்னிக்கு அந்த ஒரு வரிய வெச்சுக்கிட்டுதான் அவர நெனச்சுப் பாக்குது. நான் ஒரு பையனோட தழும்ப ஒரு நிமிசத்துல அழிச்சேன்.

இப்ப என் கணக்கு இதுதான், ரெண்டு வாரத்துல போற எதுவா இருந்தாலும் அழிப்பேன், பரு, வெயில் கொப்புளம், சவரத்துல பட்ட கீறல். போகாதது எதுலயும் கை வெக்க மாட்டேன். மச்சம், தழும்பு, சுருக்கம், வளைஞ்ச பல்லு எல்லாம் அவங்களோடது. அம்மாங்க வந்து கெஞ்சினா வீட்டுல மாட்டறதுக்கு தனியா ஒண்ணு போட்டுக் குடுப்பேன்.

ஆண்ட்டியோட அப்பா மாகசின் பேரக்ஸ்ல கூத்து ஆடினவரு. இங்க தெருக்கூத்த சிக்ஸ் ஃபுட் டான்ஸ்னு சொல்வாங்க. "அப்பா வர்றப்ப ரெண்டு பேரு துணி புடிப்பாங்க தம்பி, துணிக்குப் பின்னால நின்னு நான் இன்னாருன்னு பாடுவாரு, அப்புறம்தான் துணிய விடுவாங்க"ன்னு சொன்னாங்க. நான் சின்ன வயசுல தஞ்சாவூர்ப் பக்கம் பாத்த அதே திரை. வேஷக்காரன் ஆட்டத்துக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே தன்ன அறிவிச்சுக்கிற வழக்கம் நம்மகிட்ட எப்பவோ இருந்திருக்கு, துரியோதனன்னா துரியோதனன்னு அவன் வாயாலயே சொல்லிட்டுத்தான் வருவான், அடுத்தவங்க சொல்லி வர மாட்டான். ஹெட்ஷாட்ட பத்தி யாராவது சின்னப் பசங்க கேட்டா நான் இப்பல்லாம் இந்தத் திரையப் பத்திதான் பேசுறேன்.

சின்னப் பசங்களுக்கு இன்னொண்ணும். ஏஜென்ட்னா நீங்க சம்பாதிக்கறதுல கமிஷன் எடுக்கறவங்க. உள்ள சேத்துக்கணும்னா எங்க ஆளுகிட்டதான் போட்டோ எடுக்கணும், முன்பணம் கட்டணும்னு எவனாவது சொன்னா எழுந்து வந்துருங்க. என்கிட்ட வந்த ஒரு பொண்ணு அப்படி ஒரு இடத்துல அவ அம்மா சேத்து வெச்ச காசு மொத்தத்தையும் குடுத்துட்டு வந்தா, நாப்பது போட்டோ குடுத்திருந்தாங்க, நாப்பதுலயும் ஒரே சிரிப்பு.

ஃபீனிக்ஸ் பையன நான் மறுபடியும் கூப்பிட்டு காசு வாங்காம எடுத்துக் குடுத்தேன், புருவம் லைட்டுப் பக்கம் இருக்குற மாதிரி திருப்பி உக்கார வெச்சு. அந்தப் படத்துல அவனுக்கு ரெண்டு மூணு வேலை வந்துச்சு, இப்ப ஜோஹன்னஸ்பர்க்ல இருக்கான்.

ஆண்ட்டிக்கு போன வெள்ளிக்கிழமை ஏஜென்ட்கிட்டேந்து மெசேஜ் வந்திருக்கு. ஒரு சீரியல்ல மாஜிஸ்ட்ரேட், ரெண்டு சீன், செல்ஃப் டேப், அதாவது நாமளே நடிச்சு எடுத்த வீடியோ அனுப்பணும். பிரீஃப்ல இந்தியன்னு எங்கயும் போடல, அத அவங்க எனக்கு ரெண்டு தடவ படிச்சுக் காட்டினாங்க. செவ்வாய்க்கிழமை காலைல ஸ்டூடியோவுக்கு வர்றாங்க, ஜன்னல் வெளிச்சம் நல்லா இருக்குற நேரம். எதிர் வசனம் நான் படிக்கணும், வக்கீல் வசனம், அத இப்ப சமையல்கட்டுல நின்னு பழகிக்கிட்டு இருக்கேன். கண்ணாடி போட்டுக்கிட்டு எடுக்கறதா, இல்ல வசனம் பாதி வரும்போது கழட்டறதான்னு ரெண்டு பேரும் இன்னும் முடிவு பண்ணல.